கீபோர்டு இல்லாதவருக்கும் வேலை வேண்டும்

லேபில் சிஸ்டம் பற்றாமல் ஒன்றுக்கு இரண்டு பேரை உட்கார வைப்பது வேறு, இருவர் ஒரே கம்ப்யூட்டரில் சேர்ந்து யோசித்து ஒரே புரோகிராமை எழுதும் பேர் புரோகிராமிங் (pair programming) வேறு. முன்னதில் ஒருவர் தட்டுவார், மற்றவர் பக்கத்தில் ரெக்கார்ட் நோட்டு எழுதிக்கொண்டிருப்பார். சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் பாடத்துக்குப் பேர் புரோகிராமிங் பயன்பட வேண்டுமானால் கீபோர்டு இல்லாதவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

1999இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் லாரி வில்லியம்ஸ் இறுதியாண்டு மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார். ஜோடியில் இருவரின் நேரத்தையும் கூட்டினால், தனியாக எழுதியவரைவிட ஏறக்குறைய 15 சதவீதம்தான் அதிகம் ஆனது. புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களில் ஜோடிகள் எழுதியது கூடுதலாகத் தேறியது. ஆனால் முதல் பயிற்சியில் மட்டும் கூடுதல் நேரம் இதைவிட நிறைய. பழகும்வரை அப்படித்தான் இருக்கும். முதல் வாரத்தைப் பார்த்துவிட்டு ‘இது நம் பிள்ளைகளுக்குச் சரிவராது’ என்று கைவிடுவது அவசரம்.

ரோல் நம்பர் வரிசையில் ஜோடி சேர்க்க வேண்டாம். நண்பர்களாகவே சேரவும் விட வேண்டாம். முதல் வாரம் அரை மணி நேரத்தில் முடியும் சிறு புரோகிராம் ஒன்றைத் தனித்தனியாக எழுத வைத்து, அடுத்தடுத்த நிலையில் இருப்பவர்களைச் சேர்க்கலாம். முதல் மதிப்பெண்ணையும் கடைசி மதிப்பெண்ணையும் ஒன்றாகப் போட்டால் நல்லெண்ணம்தான் மிஞ்சும்: ஒருவர் எழுதித் தள்ளுவார், மற்றவர் தலையாட்டுவார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றிவிட வேண்டும்.

15 நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டு கை மாற வேண்டும். நாற்காலியை அல்ல, கீபோர்டைத்தான் நகர்த்த வேண்டும். மானிட்டர் இருவருக்கும் நடுவில் இருக்கட்டும். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். “இந்த ஃபங்ஷனை முடிச்சிட்டுத் தர்றேன்டா” என்பார்கள். அப்படியே லேப் முடிந்துவிடும். பாதியில் நின்றாலும் மணி அடித்ததும் கொடுத்தாக வேண்டும். பாதி எழுதிய புரோகிராமை வாங்குபவர் அதைப் புரிந்துகொள்ள ஒரு கேள்வியாவது கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

டெஸ்ட்டை முதலில் எழுதும் முறையை இதோடு சேர்த்தால் கீபோர்டு தானாகவே கை மாறும். நூலகப் புத்தகத்துக்கு 15 நாள் தவணை, அதற்குமேல் நாளுக்கு 1 ரூபாய் அபராதம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ‘16ஆம் நாள் என்றால் 1 ரூபாய்’ என்று டெஸ்ட் எழுதுகிறார், புரோகிராம் இன்னும் எழுதாததால் அது சிவப்பு, அதாவது தேறவில்லை. மற்றவர் வாங்கி, ‘15 அல்லது அதற்கு மேல் என்றால், நாளிலிருந்து 15ஐக் கழி, குறைந்தது 1 ரூபாய்’ என்று புரோகிராம் எழுதுகிறார், பச்சை, தேறிவிட்டது. பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார்: “சரியா 15ஆம் நாளே குடுத்தா?” கேட்டவரே கீபோர்டை வாங்கி ‘15ஆம் நாள், 0 ரூபாய்’ என்று அடுத்த டெஸ்ட்டை எழுத, திரும்பவும் சிவப்பு. விளிம்பில் பிழை வரும் என்று போர்டில் பத்து முறை எழுதிப் போட்டாலும் இப்படிப் பதியாது.

தானாகவே புரோகிராம் எழுதித் தரும் கோபைலட் போன்ற ஏஐ கருவிகளை முதல் சில வாரங்களுக்கு அணைத்து வைப்பது நல்லது. தட்டுபவர் அதனோடு ஜோடி சேர்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் வெறும் பார்வையாளர்.

புரோகிராம்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் கமிட் போடும்போது, அதாவது மாற்றங்களைப் பதிவு செய்யும்போது, அதோடு எழுதும் செய்தியின் கடைசியில் ஒரு வெற்று வரி விட்டு, கோ-ஆத்தர்ட்-பை (Co-authored-by:) வரியில் மற்றவர் பெயரையும் மின்னஞ்சலையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். அந்த மின்னஞ்சல் அவருடைய கிட்ஹப் கணக்கில் இருப்பதாக இல்லாவிட்டால் கமிட் அவர் கணக்கில் சேராது. அப்புறம் மார்க் போடும் நாளில் சண்டை.

மார்க் முழுவதையும் ஜோடிக்கே கொடுத்தால் ஒருவர் மற்றவர் முதுகில் சவாரி செய்வார். பாதியைத் தனி வைவாவுக்கு ஒதுக்கலாம். கமிட் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒருவர் தட்டிய பகுதியை மற்றவரிடம் கேட்க வேண்டும்: “இந்த இஃப் எதுக்கு? எடுத்துட்டா எந்த டெஸ்ட் உடையும்?” கூடவே உட்கார்ந்து யோசித்தவர் அந்த டெஸ்ட்டின் பெயரையே சொல்லிவிடுவார்.