ஐபி 65 விளக்கும் அரை டம்ளர் தண்ணீரும்

குன்னூரில் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டுமே வேலை செய்யும் ஒரு சிறிய விளக்கு நிறுவனத்தில் நான் தயாரிப்பு வடிவமைப்பாளராக இருக்கிறேன். சொந்த ஊருக்குப் போனால் உறவினர்கள், ‘வீடு வீடாகப் போய் பல்பு மாட்டுகிறாயா?’ என்று கேட்கிறார்கள். மாட்டுவதில்லை, பல்பைச் சுற்றியிருக்கும் கூட்டை வரைகிறேன் என்று விளக்கம் சொன்னால், ‘அதற்கா அத்தனை வருடம் படித்தாய்?’ என்று அவர்கள் முகம் இன்னும் வாடிவிடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் நிறுவனத்தில் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது வாசற்கதவுத் தூணில் மாட்டும் ஒரு பழைய விளக்கு. அதன் அடிப்பக்கத்தில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை இருந்தது. வரைபடத்தில் அதற்கு எந்தப் பெயரும் இல்லை; ஒவ்வொரு விளக்கையும் பெட்டியில் போடும் முன் எங்கள் பிட்டர் அண்ணன் தன் கையால் டிரில் வைத்து அதைப் போட்டுக்கொண்டிருந்தார். மழையில் நிற்கும் விளக்கில் யாராவது ஓட்டை போடுவார்களா என்று எனக்குத் தோன்றியது. இத்தனை வருடமும் ஒருவர் கண்ணிலும் படாத குறையை வந்த இரண்டாவது வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில், இதை ஏன் போடுகிறீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்குக்கூட நான் மறந்துபோனேன்.

புதிய விளக்கை ஐபி 65 தரத்துக்கு வரைந்தேன். ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் ஒரு கூடு எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் குறியீடு. அதில் 6 என்றால் தூசி துளியும் உள்ளே போகாது. 5 என்றால் எந்தத் திசையிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் விளக்குக்குக் கேடு வராது. கோயம்புத்தூரில் வார்த்த அலுமினிய உடல், பாலிகார்பனேட் மூடி, இரண்டுக்கும் நடுவே சிலிக்கோன் ரப்பர் வளையம், வயர் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டு. பூச்சிகள் அதிகம் மொய்க்கக் கூடாது என்பதற்காக 2700 கெல்வின் மஞ்சள் ஒளியைத் தேர்ந்தெடுத்தேன். சோதனைக்கு 6.3 மில்லிமீட்டர் நாசிலில் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது விதி. பக்கத்துக் கார் கழுவும் கடையில் குழாயை வாங்கி, வாளியும் கடிகாரமும் வைத்து அளந்து, மூன்று நிமிடம் பீய்ச்சினேன். திறந்து பார்த்தால் உள்ளே வைத்திருந்த செய்தித்தாள் துண்டு மொறுமொறுவென்று இருந்தது. பிட்டர் அண்ணன் மட்டும், “நல்லாத்தான் மூடியிருக்கீங்க தம்பி” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் ஆறு விளக்குகள் கோத்தகிரியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டுக்குப் போயின. இரவில் வாசலில் காட்டுமாடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அங்கே கதவைத் திறக்க முடியும் என்பதால், விளக்கு அவருக்கு அலங்காரப் பொருள் அன்று. நவம்பரில், வடகிழக்கு மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, உங்க விளக்குல மீன் வளர்க்கலாமா?”

“புரியலைங்கம்மா.”

“தண்ணி நீங்களே விட்டுக் குடுத்திருக்கீங்க. மீன் மட்டும் நாங்க வாங்கிக்கணுமான்னு கேக்குறேன்.”

நானும் பிட்டர் அண்ணனும் பேருந்தைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, தூணில் இருந்த விளக்கின் மூடிக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூண் எத்தனை கோணல் என்பதை ரசமட்டம் போலத் துல்லியமாகக் காட்டிக்கொண்டிருந்தது. திருகுகளைக் கழற்றியதும் அரை டம்ளர் தண்ணீர் என் ஸ்வெட்டர் கைக்குள் இறங்கி முழங்கை வரை போனது. சிலிக்கோன் வளையத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆசிரியை அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து, பரீட்சையில் விடை தெரியாமல் விழிக்கும் மாணவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விடையைச் சொன்னவர் பிட்டர் அண்ணன்தான். “மழைத் தண்ணி இல்ல தம்பி, இது மஞ்சு. விளக்கே குடிச்சிருக்கு” என்றார். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. மாலையில் விளக்கு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று 50 டிகிரி வரை சூடாகி விரிந்து, கிடைத்த சந்தில் வெளியேறுகிறது. இரவு 11 மணிக்கு விளக்கை அணைத்ததும், 8 டிகிரிக் குளிரில் அதே காற்று ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுருங்கப் பார்க்கிறது. அலுமினியக் கூடு அதனுடன் சேர்ந்து சுருங்காது என்பதால், உள்ளே அழுத்தம் குறைந்து வெளிக்காற்றை உறிஞ்சுகிறது. வெளியிலோ கோத்தகிரி மூடுபனி. கிளாண்டு வயரின் மேலுறையைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தது. உறைக்குள் இருக்கும் செம்பு இழைகளின் நடுவே, நாம் குழல் வைத்து இளநீர் குடிப்பதைப் போல, விளக்கு இரவுதோறும் ஒரு வாய் ஈரத்தைக் குடித்திருக்கிறது. குடித்த ஈரம் குளிர்ந்த மூடியில் துளிகளாகப் படிந்து, வெளியேற வழியில்லாமல் தேங்கிவிட்டது. தண்ணீர் வெளியேற முடியாதபடி பார்த்துக்கொண்டவன் நான்தான். விளக்கு நிறுவனத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு இவ்வளவு பெரிய பல்பு வாங்கியவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

அண்ணன் பையிலிருந்து டிரில்லை எடுத்தார். குன்னூரில் பேருந்து ஏறும்போதே அது பையில் இருந்தது என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

காற்றை மட்டும் விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வு வைத்த சிறிய திருகு ஒன்று கடையில் கிடைக்கிறது. முறையான தீர்வு அதுதான். அதன் விலையைக் கேட்ட முதலாளி, கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணன் ஓட்டை என்ன விலை?” என்று மட்டும் கேட்டார். எனவே பழைய துளை புதிய விளக்கிலும் இடம்பிடித்தது. இந்த முறை வரைபடத்தில் அதற்குப் பெயர் இருந்தாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்து, ‘அழுத்தச் சமநிலை மற்றும் வடிகால் துளை’ என்று எழுதினேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, “ஓட்டைதானே?” என்றார்.

ஆனால் 3 மில்லிமீட்டர் துளை வழியாக 2.5 மில்லிமீட்டர் கம்பி உள்ளே போய்விடும் என்பதால், தரக்குறியீட்டின் முதல் எண் 6-இலிருந்து நேராக 2-க்கு இறங்கிவிடுகிறது; தண்ணீருக்கான இரண்டாவது எண்ணும் 5-இலிருந்து 3 ஆகிவிடுகிறது. அச்சடித்து வைத்திருந்த பெட்டிகளில் ஐபி 65 என்ற எழுத்தின் மேல் ஐபி 23 என்ற சிட்டையை ஒவ்வொன்றாக ஒட்டும் பொறுப்பு, இயல்பாகவே, எனக்கு வந்தது. 23 என்பது தேர்வில் நான் வாங்கிய மதிப்பெண் போலவே எனக்குத் தெரிந்தது.

மார்ச் மாதம், மழையெல்லாம் ஓய்ந்த பிறகு, ஆசிரியை அம்மா மறுபடியும் அழைத்தார். மூடிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்றும், காட்டுமாடு தெளிவாகத் தெரிகிறது என்றும் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தினார். “பூச்சி வராத வெளிச்சம்னு சொன்னீங்களே தம்பி, குளவிக்கு அது தெரியாது போல. அடியில இருக்கிற ஓட்டையில மண்ணு வெச்சு, வழுவழுன்னு பூசி அடைச்சிருக்கு. கொத்தனார்கூட இப்படிப் பூச மாட்டார்.”

விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் டிரில்லைத் தேடி எடுத்துக்கொண்டே, “அப்ப அந்த விளக்கு இப்ப 65-ஆ, 23-ஆ தம்பி?” என்று கேட்டார்.