ஆதாரம் எங்கே இருக்க வேண்டும்?

பத்திரிகையில் கட்டுரைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் வேலை எனக்கு. வாசகர் கடிதங்களும் என் மேசைக்குத்தான் வரும். அவற்றில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: பிடிக்காத செய்தி என்றால்தான் வாசகர் ஆதாரம் கேட்கிறார். தினமும் நடந்தாலே போதும், கடுமையான உடற்பயிற்சி வேண்டாம் என்று எழுதினால் நன்றிக் கடிதம் வரும். நடை மட்டும் போதாது என்று எழுதினால், எந்த ஆய்வு, எத்தனை பேரிடம் செய்தது என்று கேட்டு வரும். நல்ல கேள்விதான். முதல் கட்டுரைக்கும் அதைக் கேட்டிருக்கலாம்.

கேள்வி எழாதபோது அடிக்குறிப்பைத் தேடிப் போகிறவர்கள் மிகக் குறைவு. ஆங்கில விக்கிப்பீடியாவைப் பற்றி 2020இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பக்கங்கள் சுமார் 300 முறை பார்க்கப்பட்டால் ஒரு முறைதான் யாராவது ஓர் ஆதாரச் சுட்டியைச் சொடுக்குகிறார். இதற்காக வாசகரைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலைக்கு நடுவே படிப்பவர் ஒவ்வொரு வரிக்கும் மூலத்தைத் தோண்டிக்கொண்டிருக்க முடியுமா? அந்த வேலைக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

எனக்கு அதிகம் கவலை தருவது, நாளடைவில் சேதி அதைச் சொன்னவரை விட்டுப் பிரிந்துவிடுவது. உளவியலாளர்கள் கார்ல் ஹோவ்லேண்டும் வால்டர் வைஸும் 1951இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே கட்டுரையைச் சிலருக்கு நம்பகமானவர் எழுதியதாகவும், வேறு சிலருக்கு நம்பகமற்ற இடத்திலிருந்து வந்ததாகவும் சொல்லிக் கொடுத்தார்கள். அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் பற்றிய கட்டுரைக்கு ஒரு பக்கம் இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் பெயர், மறுபக்கம் சோவியத் நாளேடான பிராவ்தாவின் பெயர். படித்த கையோடு கேட்டபோது, நம்பகமான பெயரோடு படித்தவர்களே அதிகம் மனம் மாறியிருந்தார்கள். நான்கு வாரம் கழித்துக் கேட்டால் அந்த வித்தியாசம் காணாமல் போயிருந்தது. யார் சொன்னது என்பது சேதியிலிருந்து பிரிந்துவிட்டது, சொன்ன சேதி மட்டும் தனியே மனதில் நின்றுவிட்டது.

அதனால், மூலம் கட்டுரையின் வாலில் தொங்கக் கூடாது, சேதியோடு பின்னி வர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஒருமுறை நினைவாற்றல் பற்றிய கட்டுரை ஒன்று வந்தது. "ஆய்வுகள் கூறுகின்றன" என்று ஒரு வரி. எந்த ஆய்வு என்று கேட்டேன்; எழுதியவர் ஒரு செய்தித் தளத்தின் சுட்டியைக் கொடுத்தார். அது இன்னொரு தளத்தைக் காட்டியது, அது ஒரு பல்கலைக்கழகத்தின் பத்திரிகைக் குறிப்பைக் காட்டியது. அதற்கும் பின்னால் போனால்தான் மூல ஆய்வு. ஆய்வுகள் அல்ல, ஒரே ஒரு ஆய்வு. அதுவும் எலிகளிடம் செய்தது. மூலத்தை விட்டுக் கிளம்பிய முதல் கையிலேயே எலிகள் தொலைந்துவிட்டன.

"எலிகளிடம் நடந்த ஓர் ஆய்வில்" என்று வரியை மாற்றினேன். வாசிப்பு தடைபடும் என்று எழுதியவர் வருத்தப்பட்டார். கொஞ்சம் தடைபடட்டும், அந்த இடத்தில் வாசகர் ஒரு கணம் நிற்பதுதான் நமக்கு வேண்டும் என்றேன். சரி என்றார்.

தலைப்பில்தான் இன்னும் போராட்டம். ஐந்தாறு சொற்களுக்குத்தான் இடம். முதலில் வெட்டுப்படுவது மூலம். பலர் தலைப்போடு நகர்ந்துவிடுவார்கள் என்பதும் தெரியும். அந்தக் கட்டுரைக்குத் தலைப்பிலேயே எலி வர வேண்டும் என்று கேட்டேன். பக்கம் வடிவமைப்பவர் எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்து இடம் பண்ணிக் கொடுத்தார்.