நியூரம்பெர்க்கில் ஒரு சீட்டுக்காரம்மா

2023 நவம்பரில் வீட்டு உரிமையாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான்கு பக்கம். முதல் மூன்று பக்கங்களில் ஹீட்டிங், வெந்நீர், குப்பை, மாடிப்படி துடைப்பது, கட்டடக் காப்பீடு என்று வகைவாரியாகப் பிரித்த கணக்கு. நான்காவது பக்கத்தின் அடியில் தடித்த எழுத்தில் 614 யூரோ. நாங்கள் கட்ட வேண்டியது.

ஜெர்மனிக்கு வந்து அப்போது எனக்கு 20 மாதம் ஆகியிருந்தது. வாடகையோடு சேர்த்து நேபென்கோஸ்டன் என்று மாதாமாதம் ஒரு தொகை கட்டிக்கொண்டுதான் இருந்தோம். அது வெறும் முன்பணம். உண்மைச் செலவை அப்புறம் கணக்குப் பார்த்து மிச்சத்தைக் கேட்பார்கள் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. படித்தோம், மறந்தோம். வருடம் முடிந்து 12 மாதத்துக்குள் கணக்கு அனுப்பினால் போதும் என்பது சட்டம். அதனால் 2022-இல் ரஷ்ய எரிவாயு நின்று விலை எகிறியதன் சூடு, ஒரு வருடம் கழித்து எங்கள் தபால் பெட்டியில் வந்து விழுந்தது.

அன்று என் வங்கிக் கணக்கில் இருந்தது மைனஸ் 180. இங்கே கணக்கில் பணம் தீர்ந்தாலும் கார்டு நிற்காது. டிஸ்போ என்று ஒரு வசதி. வங்கி வைத்த வரம்பு வரை பூஜ்யத்துக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கலாம். யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. பல வங்கிகளில் அதற்கு வட்டி 10 சதவீதத்துக்கும் மேலே.

நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தவர். 2022 ஆகஸ்டில் மகளோடு வந்து சேர்ந்தார். இங்கே ஜெர்மன் வகுப்பு, மகளைக் கிண்டர்கார்டனில் விட்டு அழைத்து வருவது, சமையல் எல்லாம் அவர் பொறுப்பு. "செலவு போக மிஞ்சுவதைச் சேர்த்து வைப்போம்" என்பதுதான் எங்கள் திட்டம். மிஞ்சவே இல்லை. இத்தனைக்கும் நாங்கள் ஊதாரிகள் அல்ல. வெளியே போனால் காபியின் விலையை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டு, குடிக்காமல் வீட்டுக்கு வரும் ஆட்கள்தான்.

அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் திண்டுக்கல் தெருவின் சீட்டுக்காரம்மா. ஐந்தாம் தேதி சாயங்காலம் நோட்டும் பையுமாக வந்துவிடுவார். அம்மா அவரை உட்கார வைத்துக் காபி கொடுப்பார், ஆனால் முகத்தில் ஒரு பதற்றம் இருக்கும். இந்த மாதம் இல்லை என்று சொன்னால் விடியும் முன்னே தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் எப்படியோ புரட்டி வைத்திருப்பார். சேமிக்கிற ஒழுக்கம் அம்மாவுக்கு இருந்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒழுக்கம் இருந்தது சீட்டுக்காரம்மாவுக்கு.

நியூரம்பெர்க்கில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. எதிர்வீட்டுக்காரர்கூட பார்சல் வாங்கி வைத்திருந்தால் மட்டும்தான் தட்டுவார். எனவே ஆளுக்குப் பதில் டவராஃப்ட்ராக்: குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட தொகையை இன்னொரு கணக்குக்கு அனுப்பிவிடு என்று வங்கிக்குக் கொடுக்கும் நிலையான உத்தரவு. சம்பளம் மாதக் கடைசி வேலை நாளில் வந்துவிடும். வாடகை மூன்றாவது வேலை நாளுக்குள் போக வேண்டும். நான் உத்தரவை ஒன்றாம் தேதிக்கு வைத்தேன், வாடகைக்கும் முன்னால். குறிப்புப் பகுதியில் தமிழ் எழுத்து ஏறவில்லை. ரோமன் எழுத்தில் "சீட்டு" என்று அடித்தேன்.

முதல் தொகை 500. கடிதம் கொடுத்த ரோஷம் அது. டிசம்பர் 17-ஆம் தேதி அதிலிருந்து 300-ஐத் திரும்ப எடுத்தேன். ஜனவரியில் 350-ஐ. சேமிப்பதும் எடுப்பதுமாக இருந்ததில் எனக்கே என்மேல் ஒரு சலிப்பு வந்துவிட்டது. பிப்ரவரியில் 90 ஆகக் குறைத்தேன். கேவலமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 90 திரும்பி வரவில்லை. இன்னொன்றும் செய்தேன்: சேமிப்பை வேறொரு வங்கியின் டாகெஸ்கெல்ட் கணக்குக்கு மாற்றினேன். அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் சம்பளக் கணக்குக்கு வந்து சேர ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளில் என் பாதி அவசரங்கள் அவசரம் இல்லாமல் போயின.

இதற்கு நடுவே வீட்டில் ஒரு சண்டை. மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன். கணவர் என்னிடம் சொல்லாமல் 150 யூரோ அனுப்பிவிட்டார். நான் கோபத்தில் "என் சம்பளம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவர் பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சம்பளம் உன்னுதாவே இருக்கட்டும். பதினேழாம் தேதி மைனஸ்ல போகுதே, அது யாருது?"

என்னிடம் பதில் இல்லை. பத்து வருடம் கணக்குப் பிரிவில் இருந்த மனிதரை வீட்டில் வைத்துக்கொண்டு, சம்பாதிப்பவள் நான் என்பதற்காக நான்தான் கணக்கும் பார்க்க வேண்டும் என்று எப்படி முடிவு செய்தேனோ தெரியவில்லை. அன்றே லாகின் விவரங்களைக் கொடுத்துவிட்டேன். இருவருக்கும் மாதம் 60 யூரோ தனியாக, கேள்வி கேட்கக்கூடாது என்றும் பேசிக்கொண்டோம். சேமிப்பைப் பற்றி எழுதச் சொன்னால் நான் முதலில் எழுத வேண்டியது இதைத்தான். ஒற்றைச் சம்பள வீட்டில் பணம் என்பது சம்பாதிப்பவரின் பணமாக இருக்கிறவரை இன்னொருவர் விருந்தாளிதான். விருந்தாளி யாரும் மின்சார பில்லைச் சரிபார்ப்பதில்லை.

அவர் சரிபார்த்தார். 12 மாத ஸ்டேட்மென்ட்டை பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் படித்தார். காபி, துணி என்று நான் பயந்த இடங்களில் ஒன்றும் இல்லை. பணம் ஒழுகியது வேறு இடங்களில். குடிபோன நாளில் தானாகவே வந்து ஒட்டிக்கொண்ட அடிப்படை மின் இணைப்பில் அப்படியே இருந்தோம். பெரும்பாலும் விலை அதிகமான திட்டம் அதுதான், இரண்டு வார அறிவிப்பில் வெளியேறலாம். நான் போகாத ஜிம் ஒன்று மாதாமாதம் எடுத்துக்கொண்டிருந்தது. 2022 மார்ச்சுக்குப் பிறகு போட்ட ஒப்பந்தம் என்றால், முதல் தவணை முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத நோட்டீஸில் விலகலாம். அதையும் அவர்தான் படித்துச் சொன்னார். அப்புறம் டிஸ்போ வட்டி.

பெரிய பணம் இருந்தது டாக்ஸ் கிளாஸில், அதாவது சம்பளத்தில் மாதாமாதம் எவ்வளவு வரி பிடிப்பது என்று தீர்மானிக்கும் வகுப்பில். 2024 பொங்கலுக்குத் தமிழர்கள் கூடிய இடத்தில் மதுரைக்கார அண்ணன் ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டார், "தங்கச்சி, எந்த கிளாஸ்ல இருக்கீங்க?" நாலு என்றேன். "சார் வேலைக்குப் போகலைங்கிறீங்க, நாலுலயா இருக்கீங்க?" என்று தலையில் கை வைத்தார். கணவன் மனைவி இருவரும் இங்கே பதிவானதும் தானாக 4–4 என்று போட்டுவிடுவார்கள். ஒருவர் மட்டும் சம்பாதித்தால் அவருக்கு 3, மற்றவருக்கு 5 என்று கேட்டு விண்ணப்பிக்கலாம். வருட வரி இதனால் மாறாது, மாதப் பிடித்தம்தான் மாறும். 4-இல் கூடுதலாகப் பிடித்தது சேர்ந்து வரித்தாக்கல் செய்யும்போது திரும்பி வரும். ஆனால் 17-ஆம் தேதி மைனஸுக்குப் போகிற வீட்டுக்கு அடுத்த வருடம் வரும் பணத்தால் என்ன பயன்? விண்ணப்பித்ததற்கு அடுத்த மாதம் முதல் கையில் சுமார் 300 யூரோ கூடியது. 250-ஐ அப்படியே சீட்டுக்காரம்மாவிடம் தள்ளினேன், பழக்கப்படும் முன்னே. 2023-க்கான வரித்தாக்கலில் மூவாயிரத்துச் சொச்சம் திரும்பி வந்தது. அதையும் தொடவில்லை. கணவர் முழுநேர வேலைக்குப் போனால் 5-இல் அவருக்கு அநியாயமாகப் பிடிப்பார்கள். அப்போது மாற்ற வேண்டும் என்று காலண்டரில் எழுதி வைத்திருக்கிறார்.

கேட்கத் தெரியாததால் இழந்ததும் உண்டு. குழந்தைக்கு அரசு தரும் கிண்டர்கெல்ட்டுக்கு நாங்கள் விண்ணப்பித்தது 2023 மே மாதம். முந்தைய 6 மாதத்துக்கு மட்டும்தான் பின்தேதியிட்டுக் கொடுப்பார்கள். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் போயே போச்சு. அப்போது மாதம் 219. ஆக 657 யூரோ. அந்த நவம்பர் கடிதத்தைவிட 43 அதிகம். இந்தக் கணக்கைக் கணவர் போட்டுக் காட்டியிருக்க வேண்டாம்.

சரி, அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். மாதச் செலவுகள் எங்களைச் சாய்க்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வருவதுதான் சாய்த்தது. நேபென்கோஸ்டன் பாக்கி, மின்சார வருடக் கணக்கு, மூன்று மாதத்துக்கு 55.08 யூரோ வானொலி-தொலைக்காட்சிக் கட்டணம் (டிவி இல்லாத வீடும் கட்ட வேண்டும்), காப்பீடு, விசா புதுப்பிப்பு. எல்லாவற்றையும்விடப் பெரியது ஊருக்குப் போகும் டிக்கெட். மூன்று பேருக்கு 2,400 என்று வைத்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றால் மாதம் 100. அனைத்தையும் கூட்டி 12-ஆல் வகுத்து, அதற்கென்று இன்னொரு கணக்கு. அதன் பெயர் "கடிதம்". இதைச் சேமிப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனசில்லை. தாமதமாக வரும் செலவு, அவ்வளவுதான். இதைப் பிரித்து வைத்த பிறகுதான் சீட்டுப் பணம் சீட்டாகவே நின்றது.

அது எதற்கு என்றும் சொல்ல வேண்டும். என் விசா ப்ளூ கார்டு, வேலையை நம்பிக் கொடுக்கும் குடியிருப்பு அனுமதி. வேலை போனால் சம்பளம் மட்டும் போகாது. சேர்ந்த முதல் 6 மாதம் ப்ரோபேஷன். இரண்டு வார நோட்டீஸில் அனுப்பிவிடலாம். வேலையின்மைப் பணம் கிடைக்க, கடைசி 30 மாதத்தில் 12 மாதமாவது காப்பீடு கட்டியிருக்க வேண்டும். அந்த முதல் வருடத்தில் மேலாளர் "ஒரு நிமிடம் பேசலாமா" என்று கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். இப்போது அந்த 12 மாதம் தாண்டியாயிற்று. குழந்தை இருப்பதால் கைக்கு வரும் சம்பளத்தில் சுமார் 67 சதவீதம் கிடைக்கும். ஆகவே நாங்கள் சேர்க்க வேண்டியது முழுச் சம்பளத்தை அல்ல, விடுபடும் மூன்றில் ஒரு பங்கை, சில மாதங்களுக்கு. இப்படிப் பார்த்ததும் மலை குன்றாகிவிட்டது. மருத்துவத்துக்குத் தனியாக எடுத்து வைக்கவில்லை. அரசுக் காப்பீட்டில் சம்பாதிக்காத துணைவரும் குழந்தையும் கூடுதல் சந்தா இல்லாமல் என் அட்டையிலேயே வருகிறார்கள்.

மகளுக்கும் ஒரு சீட்டு உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலைக் காலியானதும் கடை மெஷினில் போட்டால் 25 சென்ட், ஃபாண்ட் என்பார்கள். சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள், ஞாயிறு கடை கிடையாதே. ரசீதை மாற்றி அவள் டப்பாவில் போடுவாள். வாங்கும்போது நாங்கள் கட்டிய பணம்தான் அது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

2024 நவம்பரில் மறுபடி கடிதம் வந்தது. 287 யூரோ. கணவர் "கடிதம்" கணக்கிலிருந்து அன்று மத்தியானமே அனுப்பிவிட்டு, சாயங்காலம்தான் எனக்குச் சொன்னார்.

போன வாரம் அம்மா போனில் கேட்டார்.

"அங்க சீட்டு யார்கிட்ட போடுற?"

"பேங்க்லதாம்மா. மாசாமாசம் தானா போயிடும்."

"ஓடிப் போயிட மாட்டாங்களே?"

"போக மாட்டாங்க. பேங்க் மூழ்கினாலும் ஒரு லட்சம் யூரோ வரைக்கும் சட்டப்படி திருப்பிக் கொடுத்தாகணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அவ்வளவா வச்சிருக்க?"

"ஐயோ, பத்தாயிரம்கூட இல்லம்மா."

"அப்பச் சரி" என்றார்.