முக்கால் இஞ்ச் பைப்பில் ஒரு ஆறு

மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. மீன் தொட்டிக்குள் தண்ணீரை ஆறு மாதிரி ஒரே திசையில் ஓடவைக்கும் பைப் அமைப்புக்கு மேனிஃபோல்ட் என்று பெயர். அதைப் போட்டு 19 நாள் ஆகிறது, அழுக்கை வடிகட்டும் ஸ்பாஞ்சை இன்னும் ஒருமுறைகூடப் பிழியவில்லை. நான்கு செவெல்லியா மீன்களும் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வருகிற பக்கம் முகத்தை வைத்துக் கிடக்கின்றன. தர்மபுரி மே மாதத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

தொட்டி 3 அடி. இடது கோடியில் இரண்டு பவர்ஹெட் (தண்ணீருக்குள் வைக்கும் சின்ன பம்ப்), வலது கோடியில் ஸ்பாஞ்ச், நடுவில் கூழாங்கல்லுக்கு அடியில் முக்கால் இஞ்ச் பைப். பம்ப் ஸ்பாஞ்ச் பக்கமிருந்து பைப் வழியாகத் தண்ணீரை இழுத்து, மேலே திரும்ப அந்தப் பக்கமே தள்ளும். முதல் தடவை எல்லா மூட்டுக்கும் சால்வென்ட் சிமென்ட் போட்டு ஒட்டினேன். பிளம்பர் புத்தி. கழுவ வேண்டுமென்றால் மொத்தக் கல்லையும் அள்ள வேண்டியிருந்தது. அடுத்த தடவை ஒட்டாமல் சொருகி, டெஃப்லான் டேப் மட்டும் சுற்றினேன். பத்தே நாளில் ஓட்டம் செத்துவிட்டது. மீன்கள் கல்லை விட்டுக் கண்ணாடியில் ஏறி, தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டு செவுளைப் படபடவென்று அடித்தன. ஸ்பாஞ்ச் அடைத்திருக்கும் என்று பிழிந்து பார்த்தால் அழுக்கே இல்லை. அப்போதுதான் சந்தேகம் வந்தது.

தீனி வில்லை ஒன்றை நசுக்கி, தூளை ஸ்பாஞ்ச் அருகே விட்டேன். அசையவில்லை. பவர்ஹெட் கழுத்தருகே விட்டேன். சர்ரென்று உள்ளே போய்விட்டது! பம்பின் வாய்க்கும் பைப்புக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி. பக்கத்திலேயே தண்ணீர் கிடைக்கும்போது மூன்றடி தள்ளி இருக்கிற ஸ்பாஞ்சிலிருந்து அது எதற்கு இழுக்கப்போகிறது? மணலும் அதே வழியில் புகுந்து, பம்புக்குள் சுழலும் இம்பெல்லரைப் பிடித்திருந்தது.

பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய பழைய சைக்கிள் டியூப்தான் வைத்தியம். 2 இஞ்ச் துண்டாக வெட்டி, உள்ளே இருக்கிற வெள்ளைப் பவுடர் போகக் கழுவி, இரண்டு நாள் ஊறவைத்து, பாதி பம்பிலும் பாதி பைப்பிலுமாக மாட்டினேன். மேலே பிளாஸ்டிக் டை. இரும்பு கிளிப் வேண்டாம், துருப்பிடிக்கும்.

வியட்நாம் மலை ஓடை மீனுக்கு 20-24 டிகிரிதான் சுகம். இங்கே சும்மா விட்டால் 31 காட்டுகிறது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30-இல் ஏழரைதான். அதனால்தான் ஓட்டத்துக்கு இந்தப் பாடு. மேலே ஃபேன் வைத்து 27-க்கு இறக்கியிருக்கிறேன். "ஏண்டா, குழம்புக்குக்கூட ஆகாத அயிரைக்கு ரெண்டு ஃபேனா?" என்கிறார் அம்மா. அயிரைக்குத் தூரத்துச் சொந்தம்தான், அதை அவரிடம் சொன்னால் சட்டியை எடுத்துவிடுவார்.

வாங்கியது ஆறு மீன். பெங்களூரில் ஒரு கடையில் 'பாசி தின்னி' என்று பெயர் போட்டு விற்றார்கள். இரண்டுக்கு வயிறு உள்ளே குழிந்திருந்ததை அங்கேயே திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் போய்விட்டன. அடுத்த தடவை சென்னையில் வண்ணமீன் கடைகள் இருக்கிற கொளத்தூருக்கே போய், கண்ணாடியில் ஒட்டும்போது அடிவயிற்றைப் பார்த்துத்தான் எடுப்பேன்.

கரண்ட் போனாலும் பம்ப் ஓட, இன்வெர்ட்டர் லைனை இந்தப் பக்கம் இழுக்கும் வேலை பாக்கி. அதற்குள் மீன்கள் மேய்கிற பாசிக்கல் தீர்ந்துவிட்டது. தென்பெண்ணைக் கற்களை வினிகர் ஊற்றிப் பார்த்து, நுரைக்காதவற்றை மட்டும் மாடியில் ஒரு டப்பில் வெயிலுக்கு வைத்திருந்தேன். மூன்று வாரத்தில் பச்சை வெல்வெட் மாதிரி படிந்திருந்தது. நேற்று கொசுப்புழு பார்க்க வந்த அக்கா மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, கற்களை வரிசையாகக் காய வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கொசுவலை கட்டாதது என் தப்புதான்.