தலைப்புக்கான தூரிகை எழுத்துரு: இதுவரை

ஒரு மாதமாகத் தமிழ் எழுத்துரு ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். போஸ்டர், அட்டைப்படம், தலைப்பு இவற்றுக்கு மட்டும். தூரிகையை எடுத்து விறுவிறுவென்று எழுதிவிட்டுப் போனதுபோல் இருக்க வேண்டும் என்பது ஆசை.

முதலில் க, ங, ச என்று வரிசையாக எழுதி ஸ்கேன் செய்தேன். தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகு. 'வணக்கம்' என்று தட்டிப் பார்த்தால் ஐந்து எழுத்தையும் ஐந்து பேர் எழுதியதுபோல் இருந்தது. தனி எழுத்தாக எழுதும்போது ஒவ்வொன்றின் முடிவிலும் கை நின்றுவிடுகிறது. மை தேங்கி முனை தடிக்கிறது. சரி என்று அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டு, சொற்களாக எழுதத் தொடங்கினேன். மழை, பட்டம், கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் ஏழெட்டு முறை எழுதி, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, ஓட்டம் கூடிவந்த எழுத்தை மட்டும் சொல்லுக்குள்ளிருந்து வெட்டி எடுத்தேன். அதன்பிறகுதான் வரிக்கு உயிர் வந்தது.

அதிக நாள் பிடித்தது மூன்றுசுழி ண. வேகமாக எழுதினால் வளைவுகளுக்கு நடுவே மை அடைத்துக்கொண்டு அது ரெண்டுசுழி ன ஆகிவிடுகிறது. 'மணம்' என்று எழுதினால் 'மனம்' என்று படிக்கிறார்கள்! தலைப்பு எழுத்தில் சில இடைவெளிகள் அடைபடுவது பரவாயில்லை, சொல்லே மாறக் கூடாது. கணினியில் இடைவெளியைத் திறந்து பார்த்தேன், செதுக்கியதுபோல் இருந்தது. கடைசியில் தாளிலேயே ண-வை அகலமாக்கி, நடு வளைவில் அழுத்தத்தைக் குறைத்து எழுதியபோது சரியாக வந்தது.

வெட்டிய எழுத்துகளை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கோட்டுருவாக்கி (படத்தை விளிம்புக் கோடுகளாக மாற்றி), எழுத்துரு செய்யும் மென்பொருளான ஃபாண்ட்ஃபோர்ஜுக்குக் கொண்டுபோகிறேன். காய்ந்த தூரிகையின் பிசிறு எழுத்துக்கு நூற்றுக்கணக்கில் விளிம்புப் புள்ளிகளைக் கொண்டுவந்துவிடும் என்பதால், அதைக் கோட்டின் கடைசியில் மட்டும் விட்டுவைத்தேன்.

'பட்டம்' போன்ற சொல்லில் இரண்டு ட-வும் அச்சாக ஒன்றுபோல் வந்தால் கையெழுத்து என்ற எண்ணமே போய்விடும். அதனால் ட், க், ப், ம் ஆகியவற்றுக்கு இரண்டாவது வடிவம் வரைந்து, அதே எழுத்து அடுத்து வந்தால் தானாக மாறும்படி, இப்படிப்பட்ட விதிகளை ஏற்கும் ஓப்பன்டைப் என்ற எழுத்துரு வடிவத்தில் விதி எழுதினேன். மெய்ப்புள்ளியிலும் மூன்று விதம் இருக்கிறது.

இப்போது உகர, ஊகார வரிசை. 18 மெய்க்கும் சேர்த்து 36. க-வோடு எதையாவது ஒட்டிக் கு செய்ய முடியாது, ஒவ்வொன்றையும் புதிதாகவே எழுத வேண்டும். 22 முடிந்துவிட்டன. து, று, லு மூன்றும் கடைசியில் மேலே வீசி எழுவது தூரிகைக்கென்றே பிறந்த வடிவம். அவற்றை எழுதும்போது நிறுத்தவே மனமில்லை.

ஙு, ஙூ-வில்தான் நிற்கிறேன். வெட்டி எடுக்க அவை வரும் சொல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பூ என்று எழுதி, அந்த வேகம் அடங்குமுன் பக்கத்திலேயே ஙூ எழுதிப் பார்க்கிறேன்.