பிறந்த தேதியிலிருந்து தொடங்கும் பட்டியல்

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இன் அணிகள், இளம் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வான டிராஃப்டுக்கு முன் அவர்களை வரிசைப்படுத்தி, எனக்கென ஒரு பட்டியல் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஐஸை ஜிகர்தண்டாக் கடையில் மட்டுமே காணும் மதுரைக்காரனுக்கு இது எதற்கு என்று என் மைத்துனர் கேட்பதிலும் நியாயம் உண்டு.

நான் முதலில் பார்ப்பது கோல் கணக்கை அன்று, பிறந்த தேதியை. டிராஃப்ட் நடக்கும் ஆண்டின் செப்டம்பர் 15-க்குள் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17 அன்று பிறந்தவர் என்பதால், கானர் மெக்டேவிட் முதலாவதாகத் தேர்வான 2015-ஐ இரண்டே நாளில் தவறவிட்டு, 2016-இல் முதலிடம் பெற்றார். ஆகவே ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இருவருக்கிடையே ஏறத்தாழ ஓராண்டு இடைவெளி இருக்கக்கூடும். அந்த வயதில் அது தோள் அகலத்திலும் சறுக்கும் வேகத்திலும் அப்பட்டமாகத் தெரியும். அலங்காநல்லூர்ப் பக்கம் மாடு வாங்குபவர் திமிலை மெச்சுவதற்கு முன் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

அடுத்தது லீக்கின் தரம். கனடிய ஜூனியர் லீக்கில் சம வயதினருக்கு எதிராகக் குவித்த புள்ளிகளையும் (கோல்களும் கோலுக்கு உதவியவையும் சேர்ந்த கணக்கு), ஸ்வீடனின் முதல்நிலை லீக்கில் வளர்ந்த ஆண்களுக்கு எதிராக எடுத்த சில புள்ளிகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் இதையே பிடித்துக்கொண்டு தொங்கினால், ஆல்பர்ட்டாவின் இரண்டாம்நிலை ஜூனியர் லீக்கிலிருந்து வந்து 2017-இல் நான்காவதாகத் தேர்வாகி, பின்னாளில் நட்சத்திரமான கேல் மக்கார் போன்றவரைக் கீழே தள்ளிவிடுவோம்.

கோல்கீப்பர்களை நான் தொடுவதே இல்லை. அவர்களைக் கணிப்பது அவ்வளவு கடினம்: பின்னாளில் நட்சத்திர கோல்கீப்பரான ஹென்ரிக் லண்ட்குவிஸ்டே 2000-இல் 205-ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். குள்ளமான ஃபார்வர்டுகளை (முன்கள ஆட்டக்காரர்களை) மட்டும், 2014-இல் 79-ஆவதாகப் போய், பின்னாளில் நட்சத்திரமான பிரேடன் பாயிண்டை நினைத்து, மற்றவர்கள் தரும் இடத்தைவிடச் சற்று மேலேயே வைக்கிறேன்.