இரண்டாவது வண்டியிலிருந்து பார்த்தால்

போரிலிருந்து திரும்பி நாலு வருடம் கழித்துத்தான் பென்சிலைக் கையில் எடுத்தேன். அதற்கு முன்பே சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தேன், மாத்திரையும் எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் காலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் தொண்டை அடைத்துவிடும். சாலையோரம் புதிதாகக் கிளறிய மண்ணைப் பார்த்தாலே கை வியர்க்கும்; அன்று குண்டு புதைந்திருந்தது அப்படிப்பட்ட மண்ணுக்கடியில்தான்.

சரி, பேச வேண்டாம், வரையுங்கள் என்றார் கலைச் சிகிச்சையாளர். எனக்கு வரையத் தெரியாது. முதலில் சார்கோல் கொடுத்தார். விரலெல்லாம் கரியானதும் எழுந்து வெளியே போய்விட்டேன். அடுத்த வாரம் வெறும் பென்சில். எந்தப் பொருள் நம் கைக்குத் தாங்கும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும், வெட்கப்படக் கூடாது.

இரவில் வரைவதில்லை என்று முடிவு செய்துகொண்டோம். கடைசிப் பத்து நிமிடம் மேசைமேல் இருக்கும் கோப்பையையோ சாவியையோ பார்த்து வரைய வேண்டும். மனம் இந்த அறைக்குத் திரும்பிய பிறகுதான் கிளம்புவேன்.

பல வாரங்கள் அந்தச் சாலையை மட்டுமே வரைந்தேன், வண்டிகூட இல்லாமல். எல்லாம் மேலிருந்து பார்த்த மாதிரி, வரைபடம் போல. முன்னால் போன வண்டியில் என் நண்பன் இருந்தான். அந்த மண்ணை நான் கவனித்திருக்க வேண்டும், கத்தியிருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் அத்தனை வருடமும் கிடந்தேன்.

ஒருநாள் அவர் கேட்டார்: "இதில் நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்? அங்கிருந்து வரையுங்களேன்."

இரண்டாவது வண்டியின் இருக்கையிலிருந்து, என் கண் உயரத்தில் வரைந்தேன். கண்ணாடிச் சட்டம், முன்வண்டியின் பின்பக்கம், அது கிளப்பிய புழுதி. மண் கிளறிய இடத்தைக் குறிக்கப் போனபோது பென்சில் நின்றுவிட்டது. அந்த இடம் புழுதிக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து அது தெரிந்திருக்கவே முடியாது.

தாளைப் பார்த்தபடி ரொம்ப நேரம் அழுதேன். உன்மேல் தப்பில்லை என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். சமாதானம் சொல்கிறார்கள் என்றுதான் அதை எடுத்துக்கொண்டேன். இது என் கையே போட்ட கோடு.

கனவுகள் நிற்கவில்லை, குறைந்திருக்கின்றன. சிகிச்சையும் மாத்திரையும் தொடர்கின்றன. இவ்வளவு தாமதமாக ஆரம்பித்தோமே என்று வருந்தியதுண்டு. முதல் உலகப் போரில் இயந்திரத் துப்பாக்கி வீரராக இருந்த ஜெர்மன் ஓவியர் ஓட்டோ டிக்ஸ், அந்தப் போரைப் பற்றிய 50 அச்சோவியங்களை 1924இல்தான் வெளியிட்டார். போர் முடிந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதைத் தெரிந்துகொண்ட நாளில் மனசு கொஞ்சம் லேசானது.

இப்போது நண்பனின் முகத்தை வரைகிறேன். அவன் சிரிப்பு படத்தில் வந்துவிட்டது. இடது காது இன்னும் சரியாக அமையவில்லை, அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.